வேலைக்கும் வகுப்புக்கும் இடையே

நம் சங்கத்தில் இவ்வாண்டு சேர்ந்த முதுகலை மாணவர்களுள் பலர், கல்லூரியை முடித்த கையோடு டில்லிக்கு வண்டி ஏறியவர்கள் அல்லர். ஓராண்டோ ஈராண்டோ எங்கேனும் வேலை பார்த்து, கொஞ்சம் பணமும் நிறையச் சலிப்பும் சேர்த்துக்கொண்டு, மீண்டும் படிக்க வந்தவர்கள். நானும் அவ்வினத்தைச் சேர்ந்தவனே. ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரச் சோதனைக் கூடத்தில் 2023 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய இரண்டாண்டுக் காலம் குடுவைகளோடு குடும்பம் நடத்திவிட்டு, ஆகஸ்டில் இங்கே வந்து சேர்ந்தேன்.

வேலையை விடும்போது நாம் எண்ணிப் பார்ப்பவை சில. கடைசி மாதச் சம்பளம் எப்போது வரும், பி.எப். பணத்தை எடுக்கலாமா, கம்பெனி கொடுத்த மடிக்கணினியை யாரிடம் ஒப்படைப்பது என்பன அவை. எவரும் எண்ணாதது ஒன்று உண்டு. அதுதான் மருத்துவக் காப்புறுதி. அதைப் பற்றிச் சங்கத் தோழர்கள் என்னை அடிக்கடி கேட்பதால், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றிற்று.

கம்பெனிகள் தம் ஊழியர் அனைவரையும் ஒரே பாலிசியின்கீழ்க் கொண்டுவந்து காப்புறுதி செய்கின்றன. இதைக் குழுக் காப்புறுதி என்பர். பிரிமியத்தைக் கம்பெனியே கட்டிவிடுவதால், அப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்வரை தெரிவதில்லை. இந்தப் பாலிசியின் சொந்தக்காரர் கம்பெனி. நாம் அதன் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவே. வேலையை விட்டதும் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படுகிறது. பிரிமியம் ஆண்டு முழுமைக்கும் கட்டியாயிற்றே, ஆண்டு முடியும்வரை செல்லாதா என்று சிலர் வினவுவர். செல்லாது. பெரும்பாலான கம்பெனிகளில் கடைசி வேலை நாளே காப்புறுதிக்கும் கடைசி நாள். கைப்பேசியில் காப்புறுதி அட்டை அதன்பிறகும் சில நாள் பளிச்சென்று தெரியலாம். அதைக் கண்டு ஏமாற வேண்டா.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அடிபடுவது நம் பெயர் மட்டும் அன்று. நம் பெயரைப் பிடித்துக்கொண்டு அப்பட்டியலில் இருந்த அப்பா, அம்மா பெயர்களும் அன்றே போய்விடுகின்றன. இருபத்து மூன்று வயதுக்காரனுக்கு ஒரு மாதம் காப்புறுதி இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் நேராது. ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரையோடு வாழும் தந்தைக்கு அப்படிச் சொல்ல முடியுமா? நான் ராஜினாமாச் செய்தியைச் சொன்ன அன்று, சாத்தூரிலிருந்து அப்பா கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றியது அன்று.

“ஏப்பா, அந்த ஆஸ்பத்திரி அட்டை இனிமே செல்லுமா?”

“ஜூன் முப்பதோட சரிப்பா.”

“அப்ப அந்தக் கண் ஆபரேஷன்?”

தோழர்களே, பொறியியலோ வேதியியலோ படித்த நம்மைவிட, மளிகைக் கடைக் கணக்கெழுதும் அவருக்குக் கணக்கு விரைவாகப் புரிந்துவிட்டது. அக்கணக்கை இனி முறையாகப் பார்ப்போம்.

வேலை ஜூன் 30-இல் முடிகிறது. பல்கலைக் கழகத்து மாணவர் காப்புறுதி ஆகஸ்ட் 1-இல் தொடங்குகிறது என்று கொள்வோம். நடுவில் ஜூலை மாதம், முப்பத்தொரு நாள். சரி, ஜூலை முதல் தேதியே சொந்தப் பணத்தில் ஒரு பாலிசி எடுத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். ஆனால் புதிய மருத்துவப் பாலிசி எதிலும் முதல் முப்பது நாள் காத்திருப்புக் காலம். அந்த முப்பது நாளில் வரும் நோய்க்குப் பணம் கிடைக்காது. விபத்துக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. ஆகவே ஜூலை 1-இல் எடுத்த பாலிசி டெங்குக்கும் டைபாய்டுக்கும் உதவத் தொடங்குவது ஜூலை 31-இல். முப்பத்தொரு நாள் இடைவெளியை அடைக்க வாங்கிய பொருள், நோயைப் பொறுத்தவரை ஒரே ஒரு நாளைத்தான் அடைக்கிறது!

இது ஏட்டுக் கணக்கு அன்று. என்னோடு சோதனைக் கூடத்தில் இருந்த தஞ்சாவூர் நண்பர் ஒருவர், தேர்வுக்குப் படிப்பதற்காக மார்ச்சு மாதம் வேலையை விட்டார். விட்ட பத்தாம் நாள், பொறுப்பாக ஒரு பாலிசியும் எடுத்தார். அதற்குப் பின் பதினெட்டாம் நாள் இரவில் வயிற்று வலி. குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலை. அறுவை நல்லபடி நடந்தது. காப்புறுதிக் கம்பெனி முப்பது நாள் விதியைக் காட்டிக் கையை விரித்தது. அவர்கள் செய்தது விதிப்படி சரியே. நண்பரின் தாயாருடைய சங்கிலி அடகுக் கடைக்குப் போனதும் உண்மையே. அதே நாள் அவர் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தால் பணம் கிடைத்திருக்கும். இப்படியும் ஒரு நியாயம்!

ஆதலின் பாலம் கட்ட வேண்டிய காலம் வேலையை விட்ட பிறகு அன்று, விடுவதற்கு முன்னர். கம்பெனிக் காப்புறுதி இருக்கும்போதே, கடைசி நாளுக்கு ஒரு மாதத்துக்குமேல் எஞ்சியிருக்கையில், சொந்தப் பாலிசியைத் தொடங்கிவிட வேண்டும். அந்த முப்பது நாளும் கம்பெனிக் குடையின் நிழலிலேயே கழிந்துவிடும். குடை மடங்கும் அன்று நம் பாலிசி விழித்துக்கொள்ளும். இரண்டு பாலிசிகள் ஒருசேர வைத்துக்கொள்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. நோய் நொடி ஏதும் இல்லாத இளைஞருக்கு இந்த ஒரு வழியே போதும்.

நோய் உள்ளவர்க்கு இது போதாது. காத்திருப்புக் காலங்கள் முப்பது நாளோடு நிற்பதில்லை. கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல் போன்ற சில நோய்களுக்கும் அறுவைகளுக்கும் பாலிசிகள் வழக்கமாக 24 மாதம் வைக்கின்றன. பாலிசி எடுக்குமுன்பே உடம்பில் குடிகொண்ட சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா முதலியவற்றுக்கு 36 மாதம்வரை வைக்கலாம். முன்னர் இது 48 மாதமாக இருந்தது. காப்புறுதித் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் 2024-இல் அதைக் குறைத்தது. குழுக் காப்புறுதியில் இக்காத்திருப்புகளைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். சேர்ந்த முதல் நாளே சர்க்கரைக்கும் சலுகை உண்டு. அதனால்தான் கம்பெனி மெடிகிளெயிம் பெற்றோர்க்கு அவ்வளவு அருமையானது. அதனால்தான் அதை இழப்பதும் அவ்வளவு கேடானது. அதை விட்டுவிட்டு ஒரு புதுப் பாலிசிக்குப் போனால், அப்பாவின் சர்க்கரைக் கணக்கு மூன்றாண்டுப் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

நாம் இழக்கப்போவது ஒரு மாதத்தை என்று நினைக்கிறோம். உண்மையில் இழப்பது, சேர்ந்துவிட்ட ஆண்டுகளை.

அவ்வாண்டுகளைக் கையோடு எடுத்துச் செல்ல ஒரு வழி விதிகளிலேயே இருக்கிறது. அதற்கு ‘மைக்ரேஷன்’ என்று பெயர். குழுப் பாலிசியில் இருந்த உறுப்பினரும், அதில் சேர்க்கப்பட்டிருந்த குடும்பத்தாரும், அதே காப்புறுதிக் கம்பெனியின் தனிப் பாலிசிக்கோ குடும்பப் பாலிசிக்கோ மாறிக்கொள்ள உரிமை உண்டு. இடைவெளி விடாமல் மாறினால், குழுவில் கழித்த காலம் காத்திருப்புக் கணக்கில் வரவு வைக்கப்படும். எங்கள் வீட்டில் இரண்டாண்டு வரவு இருந்தது. சர்க்கரைக்குரிய 36 மாதத்தில் 24 போக, மீதி 12 மாதம். தொடக்கத்து முப்பது நாள் காத்திருப்போ, ஓராண்டுக்குமேல் தொடர்ந்து காப்புறுதியில் இருந்தவர்க்கு இல்லை. பிறகு புதுப்பிக்கும் காலத்தில், கம்பெனி பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கும் அந்த வரவோடு மாறலாம். அதற்குப் பெயர் ‘போர்ட்டபிலிட்டி’. கைப்பேசி எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றுகிறோம் அல்லவா, அது போல.

அமெரிக்காவுக்குப் போகும் நம் மூத்த மாணவர்கள் அங்கே ‘கோப்ரா’ என்ற பெயரைக் கேட்பார்கள். அது பாம்பு அன்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டம். வேலை போனாலும் பழைய கம்பெனியின் குழுக் காப்புறுதியிலேயே, முழுப் பிரிமியத்தையும் தானே கட்டி, வழக்கமாகப் பதினெட்டு மாதம்வரை நீடிக்க அது இடம் தருகிறது. நம் நாட்டில் குழுவிலேயே நீடிக்க அத்தகைய உரிமை இல்லை. இங்கே குழுவைவிட்டு வெளியேறத்தான் வேண்டும். ஆனால் கழித்த காலத்தை உடன் கொண்டு போகலாம்.

இந்த உரிமையைப் பற்றி எச்.ஆர். அலுவலகம் தானாகச் சொல்லும் என்று காத்திராதீர்கள். நான் கேட்டபோது, எதிரில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் அச்சொல்லை அன்றுதான் முதன்முறை கேட்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆகவே காப்புறுதிக் கம்பெனிக்கே நேராக மின்னஞ்சல் எழுதினேன். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அதே வாரத்தில், கடைசி நாளுக்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பாக எழுதினேன். குழுப் பாலிசியின் எண், என் உறுப்பினர் எண், பெற்றோர் பெயர், கடைசி வேலை நாள் இவற்றைக் குறித்து, ‘தனிப் பாலிசிக்கு மாற விரும்புகிறேன், காத்திருப்புக் கால வரவோடு மாற்றித் தருக’ என்று கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. மறுபடி எழுதினேன், படிவம் வந்தது.

மாறுதல் கேட்டவுடனே கிடைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. பல ஆண்டு தொடர்ந்து இருந்தவரை மறுபரிசீலனை இன்றிச் சேர்க்க வேண்டும் என்பது விதி. நம்மைப் போல ஈராண்டுக்காரரைப் பொறுத்தவரை, கம்பெனி உடல்நிலையை ஆராய்ந்து முடிவு செய்யலாம், பிரிமியத்தை ஏற்றலாம். அப்பாவை மதுரைக்கு அழைத்து இரத்தச் சோதனை செய்தார்கள், பிரிமியத்தையும் கூட்டினார்கள். வரவு வைப்பதும் பழைய காப்புத் தொகையின் அளவுக்கு மட்டுமே. குழுவில் எங்களுக்கு இருந்தது ரூ. 3 இலட்சம், இப்போது எடுத்தது ரூ. 5 இலட்சம். கூடுதலான 2 இலட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து எண்ணப்படும்.

பெற்றோர்க்கு ஒரு குடும்பப் பாலிசியும் எனக்குத் தனியே ஒன்றும் எடுத்தேன். மூவரையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். குடும்பப் பாலிசியில் மூத்தவரின் வயதைக் கொண்டே பிரிமியம் கணக்கிடுவதால், இளையவர் தனியே நிற்பதே எனக்கு இலாபமாகப் பட்டது. எல்லாம் சேர்ந்து என் ஒன்றரை மாதச் சம்பளத்தை விழுங்கிற்று. அதிலும் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு அவ்வரி நீக்கப்பட்டது. எனக்குப் பின்னால் வருவோர் கொடுத்து வைத்தவர்கள்!

படிவம் நிரப்பும்போது, “சர்க்கரையை எழுதாதீங்க தம்பி, பிரிமியம் ஏறும்” என்று ஒரு முகவர் அன்போடு சொன்னார். இந்த அன்பு ஆபத்தானது. மறைத்தது பின்னர் தெரிந்தால், பணம் மறுக்கப்படுவதோடு பாலிசியே ரத்தாகலாம். மருத்துவமனைச் சீட்டு ஒவ்வொன்றிலும் ‘எத்தனை ஆண்டாகச் சர்க்கரை’ என்று எழுதும் வழக்கம் உள்ள நாட்டில் அதை மறைப்பது எங்ஙனம்? எழுதினோம். பாலிசி வந்த பிறகு ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம்.

கண் ஆபரேஷனை மட்டும் நான் எந்த வரவையும் நம்பி விடவில்லை. ஜூன் இரண்டாம் வாரமே, குழுக் காப்புறுதி உயிரோடு இருக்கும்போதே, அப்பாவுக்குக் கண்புரை நீக்கியாயிற்று. தள்ளிப்போட்ட சிகிச்சை எதுவாயினும், கடைசி வேலை நாளுக்கு முன் முடித்துக்கொள்வது நலம். “கடையை யார் பார்க்கிறது?” என்று அவர் முணுமுணுத்தது தனிக் கதை.

குறைந்த சம்பளத்தில் இருந்தவர்கள் வேறொரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2017-இல் மாதச் சம்பள வரம்பு ரூ. 21,000 என்று உயர்த்தப்பட்ட ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருந்தவர்களுக்கு, வேலை போன அன்றே மருத்துவ வசதி போய்விடுவதில்லை. அங்கே பணம் கட்டும் காலம் வேறு, பயன் பெறும் காலம் வேறு. அக்டோபர் முதல் மார்ச்சு முடியச் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் முடியப் பயன். ஏப்ரல் முதல் செப்டம்பர் முடியப் பிடித்ததற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் முடிய. கட்டிய காலத்தில் 78 நாளேனும் கணக்கில் வந்திருக்க வேண்டும். ஆகவே ஜூன் 30-இல் வேலையை விட்டவர், முந்திய அக்டோபர் முதல் மார்ச்சுவரை ஒழுங்காக வேலை செய்திருந்தால், டிசம்பர் கடைசிவரை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் மருத்துவமனைக்கும் போகலாம். டில்லியில் பசாய்தாராபூரிலும் ஓக்லாவிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. நம் மாணவர் ஒருவர், மூன்று மாதமாகத் தமக்கு இவ்வுரிமை இருப்பதே அறியாமல் தனியார் மருத்துவருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். காப்புறுதி எண்ணைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் பிழைத்தார்.

இனி இந்தப் பக்கத்துக் கரை. ‘பல்கலைக் கழகத்தில் மாணவர் காப்புறுதி உண்டு’ என்று ஒருவர் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். அது விபத்துக்கு மட்டுமா, நோய்க்கும் உண்டா? பல நிறுவனங்களில் விபத்துக்கு மட்டுமே. கட்டணம் கட்டிய நாள் முதலா, வகுப்புத் தொடங்கும் நாள் முதலா, பட்டியல் காப்புறுதிக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த நாள் முதலா? இவை மூன்றும் ஒரே நாள் என்று நினைக்க வேண்டா. எத்தனை ரூபாய் வரை? வளாகத்துச் சுகாதார நிலையம் காய்ச்சலுக்கும் சளிக்கும் நல்ல துணை. ஆனால் படுக்கையில் சேர்க்க வேண்டிய நோய் வந்தால் அது கொடுப்பது பெரும்பாலும் ஒரு பரிந்துரைச் சீட்டே. மழை ஓய்ந்த பின் டில்லியில் டெங்கு பரவும் காலத்தில்தான் நம் புதிய மாணவர்கள் அறை தேடி முனிர்க்காவில் அலைகிறார்கள் என்பதை நினைவில் கொள்க.

தந்தையோ தாயோ தம் பெயரில் குடும்பப் பாலிசி வைத்திருந்தால், மணமாகாத, அவர்களைச் சார்ந்திருக்கும் பிள்ளையை 25 வயதுவரை அதில் வைத்துக்கொள்ளப் பல பாலிசிகள் இடம் தருகின்றன. வேலைக்குப் போனபோது உங்கள் பெயரை நீக்கியிருக்கலாம். மீண்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பாலிசியைத் தேர்வது என்று தலை சுற்றுவோர்க்கு, 2020 முதல் கம்பெனிகள் விற்றுவரும் ‘ஆரோக்ய சஞ்சீவனி’ ஒரு நல்ல தொடக்கம். எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் அதன் நிபந்தனைகள் ஒன்றே; பிரிமியம் மட்டுமே வேறுபடும். பில்லில் நூற்றுக்கு ஐந்து பங்கு நாம் கொடுக்க வேண்டும், அறை வாடகைக்கும் வரம்பு உண்டு. மாணவனுக்கு அது பெருங்குறை அன்று.

ஒன்றும் வாய்க்காதவர் கலங்க வேண்டியதில்லை. சப்தர்ஜங்கும் ராம் மனோகர் லோகியாவும் எய்ம்ஸும் காப்புறுதி அட்டையைப் பார்த்து வைத்தியம் செய்யும் இடங்கள் அல்ல. வரிசை நீளம், மொழி இந்தி, ஆயினும் கதவு திறந்தே இருக்கிறது. இரவில் யாருக்கேனும் முடியாமற்போனால் இந்தி தெரிந்த ஒருவரை உடன் அனுப்பச் சங்கத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். செயலாளர் செவி சாய்ப்பாராக.

ஊரில் பெற்றோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால், அது அவர்களுக்கு இன்னொரு காவல். குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் வைத்துத் தருவது அது. நம் வேலை நிமித்தம் அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், விடுமுறையில் போகும்போது முதல் வேலையாக அதைக் கவனியுங்கள்.

காப்புறுதிக் கம்பெனி காரணமின்றி மறுத்தாலோ, பதிலே தராவிட்டாலோ, முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அடுத்து ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தில் பதியலாம். அதற்கும் மேலே காப்புறுதி ஓம்பட்ஸ்மன் இருக்கிறார். அவரிடம் போகக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டா.

வேலையிலிருந்து வெளியேறுமுன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டிய தாள்கள் இவை: கடைசி நாளைக் குறிக்கும் ரிலீவிங் கடிதம், குழுப் பாலிசியில் எந்த நாள் முதல் எந்த நாள்வரை யார் யார் இருந்தார்கள், எவ்வளவு தொகைக்கு இருந்தார்கள் என்று காப்புறுதிக் கம்பெனி தரும் சான்று, பாலிசிக் காலத்தில் பெற்ற சிகிச்சைகளின் சீட்டுகள். அலுவலக மின்னஞ்சல் கடைசி நாள் மாலையே பூட்டப்படும். ஆகையால் இவற்றைச் சொந்த முகவரிக்கு முன்னமே அனுப்பிவிடுங்கள். நான் எழுதிய மின்னஞ்சல்களின் நகலும் மாறுதல் படிவத்தின் நகலும் சங்க அறை அலமாரியின் மேல்தட்டில், பழைய பொங்கல் மலர்களுக்கு அடியில் இருக்கின்றன. வேண்டுவோர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்துவிடுங்கள்.